சொற்கணக்குகளும் ஒருபடிச் சமன்பாடுகளும்

இரண்டு ஒருபடிச் சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால், அவற்றை முறைப்படி தீர்த்து விடை காணும் மாணவர்கள் பலர். அதே செய்தி நான்கு வரி உரைநடையாக அமைந்து வரும்போது அவர்களில் பாதிப்பேர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். இது கணிதத்தில் உள்ள குறையன்று. சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு விதிகள் உண்டு. சொல்லைச் சமன்பாடாக மாற்றுவதற்கு அத்தகைய விதி ஒன்றும் இல்லை. அங்கே வேண்டுவது படிக்கும் திறன். எந்தச் சொல் எந்த அளவைக் குறிக்கின்றது, எந்த இரண்டு அளவுகள் சமம் என்று கூறப்படுகின்றன, கூறப்பட்ட செய்தி விடை காண்பதற்குப் போதுமா என்பவற்றையெல்லாம் வாசகத்திலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும்.

இத்தகைய கணக்குகள் நம் நாட்டிற்குப் புதியனவல்ல. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் ஆண்ட 9ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமண அறிஞர் மகாவீராசாரியர், கணித சார சங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். எம். ரங்காசாரியார் இதனைப் பதிப்பித்து ஆங்கில மொழிபெயர்ப்புடன் அமைக்க, 1912இல் சென்னை அரசாங்கம் வெளியிட்டது. இந்நூலில் பழங்களின் விலை பற்றிய கணக்கு ஒன்று உள்ளது. 9 நாரத்தங்கனிகளும் 7 விளாங்கனிகளும் சேர்ந்து 107 காசு பெறும். 7 நாரத்தங்கனிகளும் 9 விளாங்கனிகளும் சேர்ந்து 101 காசு பெறும். ஒவ்வொரு கனியின் விலை என்ன என்பது வினா.

ஒரு நாரத்தங்கனியின் விலையை ‘நா’ என்றும், ஒரு விளாங்கனியின் விலையை ‘வி’ என்றும் குறித்தால், வாசகத்தின் இரு பகுதிகளும் பின்வருமாறு அமையும்.

9 நா + 7 வி = 107
7 நா + 9 வி = 101

இவ்விரண்டில் ‘வி’ என்னும் குறியை நீக்கினால் ‘நா’ மட்டும் எஞ்சும். அதற்கு முதற்சமன்பாட்டை 9ஆலும், இரண்டாவதை 7ஆலும் பெருக்க வேண்டும். அப்போது முதலாவது 81 நா + 63 வி = 963 என்றும், இரண்டாவது 49 நா + 63 வி = 707 என்றும் ஆகும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 32 நா = 256. ஆகவே நாரத்தங்கனியின் விலை 8 காசு; விளாங்கனியின் விலை 5 காசு. மகாவீரர் குறியீடு எதுவுமின்றிச் சொல்லாலேயே கூறும் விதியும் இதுவே. பெருந்தொகையைப் பேரெண்ணாலும் சிறுதொகையைச் சிற்றெண்ணாலும் பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சியதை அவ்விரு எண்களின் வர்க்கங்களின் வேறுபாட்டால் வகுத்தால், மிகுதியாக வாங்கிய கனியின் விலை கிட்டும் என்பது அவ்விதி. 81 − 49 = 32 என்பதே அவ்வர்க்க வேறுபாடு. 9, 7 என்னும் எண்கள் இரண்டாம் வாங்கலில் இடம் மாறி நிற்கும் கணக்குக்கு மட்டுமே இவ்விதி பொருந்தும். எனவே இதனைப் பொதுவிதி எனக் கருதி மனப்பாடம் செய்வதில் பயனில்லை. நீக்கும் முறையைக் கற்றுக்கொண்டால் இவ்விதி தானே கிடைத்துவிடும்.

எண்கள் இவ்வாறு இடம் மாறி நிற்பதைக் கண்ணுற்ற மாணவர் இன்னும் எளிய வழியையும் காண்பார். இரு சமன்பாடுகளையும் கூட்டினால் 16 நாரத்தையும் 16 விளாவும் 208 காசு பெறும்; ஆகவே ஒன்றும் ஒன்றும் சேர்ந்து 13 காசு. கழித்தால், 2 நாரத்தையின் விலை 2 விளாவின் விலையைவிட 6 காசு மிகுதி. ஆகவே ஒன்றுக்கொன்று 3 காசு வேறுபாடு. கூட்டுத்தொகை 13, வேறுபாடு 3 என்றால் விடை 8, 5 என்பது வாய்க்கணக்கு.

இங்கே ‘நா’ என்பது நாரத்தங்கனியன்று, அதன் விலையாகிய எண் என்பதை அழுத்தமாகக் கூற வேண்டும். எழுத்து பொருளைக் குறிக்கின்றது என்று எண்ணுவதே சொற்கணக்கில் நேரும் பிழைகளுள் மிகப் பரவலானது. கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் முப்பதின்மர் என்னும் விகிதத்தை வகுத்துள்ளது. சரியாக இவ்விகிதத்தில் அமைந்த ஒரு பள்ளியில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து 310 பேர் எனக் கொள்க. மாணவர் தொகையை ‘மா’ என்றும் ஆசிரியர் தொகையை ‘ஆ’ என்றும் குறித்தவுடன், ‘மாணவர் முப்பதின்மர், ஆசிரியர் ஒருவர்’ என்னும் சொல்லடுக்கை அப்படியே பின்பற்றி, 30 மா = ஆ என்று எழுதுவோர் பலர். நன்கு படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். அவர்கள் எழுதியதன் பொருள், மாணவர் தொகையை முப்பதால் பெருக்கினால் ஆசிரியர் தொகை வரும் என்பதாகும். இதனை மா + ஆ = 310 என்பதோடு சேர்த்துத் தீர்த்தால், 10 மாணவர்களுக்கு 300 ஆசிரியர்கள் என்னும் விந்தையான பள்ளி கிடைக்கும்! சரியான சமன்பாடு மா = 30 ஆ என்பதே. அதன்படி 31 ஆ = 310; ஆசிரியர் 10, மாணவர் 300. எந்தத் தொகை சிறியதோ அதனைப் பெருக்கினால்தான் பெரியதற்குச் சமமாகும் என்பதைச் சமன்பாட்டை எழுதிய உடனே ஒருமுறை எண்ணிப் பார்த்தால் இப்பிழை நேராது.

பெயரின் முதலெழுத்தைக் கொண்டு தெரியாத அளவைக் குறிக்கும் வழக்கம் நம் முன்னோர் கையாண்டதே. 1114இல் பிறந்த இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதம் என்னும் நூலில், தெரியாத முதல் அளவை ‘யாவத்தாவத்’ என வழங்கினார். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பது அதன் பொருள். அடுத்து வரும் அளவுகளுக்கு நிறங்களின் பெயர்களை இட்டார். காலகம் கருமை, நீலகம் நீலம், பீதகம் மஞ்சள், லோகிதகம் சிவப்பு. இவற்றை யா, கா, நீ, பீ, லோ என முதலெழுத்தால் சுருக்கி எழுதுவர். குறை எண்ணுக்கு மேலே ஒரு புள்ளி இடப்படும். ஒரே தெரியாத அளவு உள்ள கணக்குகள் ‘ஏகவர்ண சமீகரணம்’ என்றும், பல உள்ளவை ‘அநேகவர்ண சமீகரணம்’ என்றும் பெயர் பெற்றன. வர்ணம் என்றால் நிறம். எத்தனை நிறம், அத்தனை தெரியாத அளவு.

ஆயினும் இரண்டு அளவுகள் தெரியவில்லை என்பதால் இரண்டு நிறங்களைக் கையாள வேண்டும் என்பதில்லை. பாஸ்கரரின் கணக்கு ஒன்று இதனை நன்கு விளக்குகின்றது. இருவரிடம் பணம் இருக்கின்றது. முதல்வர், ‘நீர் எனக்கு 100 கொடுத்தால் நான் உம்மைப்போல் இரு மடங்கு செல்வனாவேன்’ என்கிறார். மற்றவர், ‘நீர் எனக்கு 10 கொடுத்தால் நான் உம்மைப்போல் ஆறு மடங்கு செல்வனாவேன்’ என்கிறார். ஒவ்வொருவரிடமும் உள்ள பணம் எவ்வளவு?

இக்காலப் பள்ளி மாணவர் முதல்வரின் பணத்தையும் இரண்டாமவரின் பணத்தையும் இரு எழுத்துகளால் குறித்து, இரு சமன்பாடுகளை எழுதுவார். அதில் தவறில்லை. பாஸ்கரரோ முதற்கூற்றைத் தொடக்கத்திலேயே நிறைவேற்றிவிடும்படி அளவைத் தேர்ந்துகொள்கிறார். 100 கொடுத்த பிறகு இரண்டாமவரிடம் எஞ்சுவது யா. அப்போது முதல்வரிடம் இருப்பது 2 யா. ஆகவே தொடக்கத்தில் முதல்வரிடம் இருந்தது 2 யா − 100. இரண்டாமவரிடம் இருந்தது யா + 100. இனி இரண்டாம் கூற்று மட்டுமே எஞ்சுகின்றது. முதல்வர் 10 கொடுத்தால் அவரிடம் 2 யா − 110 இருக்கும். மற்றவரிடம் யா + 110 இருக்கும். எனவே,

யா + 110 = 6 (2 யா − 110)

இதிலிருந்து 11 யா = 770; யா = 70. முதல்வரின் பணம் 40, இரண்டாமவரின் பணம் 170. வாசகத்தோடு ஒப்பிட்டால், 40உடன் 100 சேர 140. 170இலிருந்து 100 போக 70. இரு மடங்கு சரி. 170உடன் 10 சேர 180. 40இலிருந்து 10 போக 30. ஆறு மடங்கும் சரி. இந்த ஒப்பீட்டைச் சமன்பாட்டில் செய்யாமல் வாசகத்தில் செய்தது கருதத்தக்கது. ‘கொடுத்தால்’ என்னும் சொல்லைக் கவனியாது, கொடுப்பவரின் பணம் குறைவதை விட்டுவிட்டு எழுதியவருக்கும் ஏதோ ஒரு விடை வரும். அவ்விடை அவர் எழுதிய பிழையான சமன்பாட்டுக்குப் பொருந்தவே செய்யும். வாசகத்திற்குத் திரும்பினால்தான் குட்டு வெளிப்படும்.

தெரியாத அளவுகள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள் வேண்டும் என்பது வகுப்பறையில் கூறப்படும் விதி. குறைந்தால் என்னவாகும்? இதற்கும் பாஸ்கரரின் நூலிலேயே கணக்கு உண்டு. புறா 5க்கு 3 பணம். நாரை 7க்கு 5 பணம். அன்னம் 9க்கு 7 பணம். மயில் 3க்கு 9 பணம். 100 பணத்திற்கு 100 பறவைகள் வாங்கி வர வேண்டும். அளவுகள் நான்கு; செய்திகளோ பறவைகளின் எண்ணிக்கை, பணத்தின் தொகை என இரண்டே. புறா 10, நாரை 42, அன்னம் 36, மயில் 12 என வாங்கினால் பறவைகளும் 100, பணமும் 6 + 30 + 28 + 36 = 100. புறா 55, நாரை 21, அன்னம் 9, மயில் 15 என வாங்கினாலும் பறவைகள் 100; பணம் 33 + 15 + 7 + 45 = 100. இரண்டு விடைகளும் சரியே. புறா ஐந்தைந்தாகவும், நாரை ஏழேழாகவும், அன்னம் ஒன்பதொன்பதாகவும், ஒவ்வொன்றிலும் சிலவாவது வாங்கப்பட வேண்டும் என்னும் கட்டுப்பாட்டுக்குள் தேடினால் மொத்தம் 16 விடைகள் உண்டு. பின்னங்களையும் ஏற்பதாயின் விடைகளுக்கு எல்லையே இராது. பறவையை அறுத்து விற்க முடியாது என்னும் உலகியல் செய்தி வாசகத்தில் எழுதப்படவில்லை. படிப்பவர்தான் அதனைச் சேர்த்துக்கொள்கிறார்.

எழுதப்படாத இத்தகைய செய்திகள் வயலிலும் உண்டு. உழவர் தம் நிலத்திற்கு இடும் உரத்தைக் கணக்கிடுவது ஒருபடிச் சமன்பாட்டுத் தொகுதிக்கு மிக நல்ல எடுத்துக்காட்டாகும். ஒரு எக்டேர் நிலத்திற்குத் தழைச்சத்து 120 கிலோவும், மணிச்சத்து 60 கிலோவும், சாம்பல் சத்து 40 கிலோவும் இட வேண்டும் எனக் கொள்க. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. டி.ஏ.பி. எனப்படும் டை அம்மோனியம் பாஸ்பேட்டில் தழைச்சத்து 18 பங்கும் மணிச்சத்து 46 பங்கும் உள்ளன. மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் பொட்டாஷ் உரத்தில் சாம்பல் சத்து 60 பங்கு. இடவேண்டிய உரங்களின் எடையை முறையே யூ, டி, பொ எனக் குறித்தால்,

0.46 யூ + 0.18 டி = 120
0.46 டி = 60
0.60 பொ = 40

இரண்டாவது சமன்பாட்டில் ஒரே அளவு இருப்பதால் அங்கிருந்து தொடங்குவதே முறை. டி.ஏ.பி. 130.4 கிலோ. அதனுள் அடங்கிய தழைச்சத்து ஏறக்குறைய 23.5 கிலோ. அதனை 120இலிருந்து கழித்தால் யூரியாவின் வழியே வரவேண்டியது 96.5 கிலோ, ஆகவே யூரியா 209.8 கிலோ. பொட்டாஷ் 66.7 கிலோ.

தழைச்சத்து என்றாலே யூரியா என்று பழகிவிட்டவர் முதற்சமன்பாட்டை 0.46 யூ = 120 என்று எழுதிவிடுவார். அவருக்கு யூரியா 260.9 கிலோ என்று வரும். வேறுபாடு 51 கிலோ. 2018 முதல் நம் நாட்டில் யூரியா மூட்டை 45 கிலோவாக வருகின்றது; ஆகவே எக்டேருக்கு ஒரு மூட்டைக்கும் மேலான யூரியா வீணே நிலத்தில் சேர்கிறது. வீண் என்பதோடு நின்றாலும் கேடில்லை. மிகுந்த தழைச்சத்தால் பயிர் கொழுத்துத் தலைசாயும். பூச்சியையும் நோயையும் அழைக்கும். எஞ்சியது நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்கும். ஒரு சமன்பாட்டில் ஓர் உறுப்பை விட்டதன் விளைவு இது. ஒரே உரத்தில் இரு சத்துகள் அடங்கியிருப்பதே இக்கணக்கைச் சமன்பாட்டுத் தொகுதியாக்குகின்றது.

பொட்டாஷுக்கு மாற்றாக 10-26-26 என்னும் கூட்டு உரம் கையிலிருப்பதாகக் கொண்டால் மூன்று அளவுகளும் பின்னிக்கொள்ளும். அவ்வெண்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளின் நூற்று விகிதத்தைக் குறிப்பன. கூட்டு உரத்தின் எடையை ‘கூ’ என்க.

0.46 யூ + 0.18 டி + 0.10 கூ = 120
0.46 டி + 0.26 கூ = 60
0.26 கூ = 40

கடைசிச் சமன்பாட்டிலிருந்து மேல்நோக்கிச் சென்றால் கூட்டு உரம் 153.8, டி.ஏ.பி. 43.5, யூரியா 210.4 கிலோ என விடை கிடைக்கும். இனி வேறொரு நிலத்தில் மணிச்சத்து 40 கிலோவும் சாம்பல் சத்து 60 கிலோவும் வேண்டும் எனில் என்ன நேரும்? சாம்பல் சத்தின்படி கூட்டு உரம் 230.8 கிலோ. அதிலேயே மணிச்சத்து 60 கிலோ வந்துவிடுகின்றது, வேண்டியதோ 40. ஆகவே டி.ஏ.பி. −43.5 கிலோ என்று வரும். கணக்கில் பிழையில்லை. ஆனால் நிலத்திலிருந்து டி.ஏ.பி.யைத் திரும்ப எடுக்க எவராலும் இயலாது.

குறை எண் என்பது பொருளற்றதன்று. பிரம்மகுப்தர் 628இலேயே செல்வத்தையும் கடனையும் எடுத்துக்காட்டி இவ்வெண்களுக்கு விதி வகுத்தார். பண முதலீட்டுக் கணக்கில் குறை எண் வந்தால் கடன் எனப் பொருள் கொள்ளலாம். பொருள் கொள்ள வழியில்லாத இடத்தில் அதனைத் தள்ளவேண்டும். பாஸ்கரரும் குரங்குக் கூட்டம் பற்றிய ஓர் இருபடிக் கணக்கில் 50, 5 என இரு விடைகள் வர, பின்னதைத் தள்ளினார். அக்கணக்கில் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் குறைக்க வேண்டும்; ஐந்து குரங்கில் ஐந்திலொன்று ஒன்றே; ஒன்றில் மூன்றைக் குறைத்தால் வரும் குறை எண்ணைக் குரங்குகளின் தொகையாக உலகத்தார் ஏற்கார் என்பது அவர் கருத்து. உரக் கணக்கில் வந்த குறை எண்ணோ, ‘இம்மூன்று உரங்களால் இத்தேவையைச் சரியாக நிறைவேற்ற முடியாது’ என்னும் செய்தியைக் கூறுகின்றது. மணிச்சத்து 40 கிலோ ஆகும் அளவுக்குக் கூட்டு உரத்தை 153.8 கிலோவாகக் குறைத்து, எஞ்சிய 20 கிலோ சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் 33.3 கிலோவும், தழைச்சத்துக்கு யூரியா 227.4 கிலோவும் இட்டால் தேவை நிறைவேறும். டி.ஏ.பி. வேண்டுவதே இல்லை.

இதுவரை கூறியவற்றில் எண்கள் ஐயமின்றித் தரப்பட்டன. அளந்தறியும் எண்களாக இருப்பின் மற்றொரு இடர் எழுகின்றது. பாடநூல்கள் இதனைப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆனால் வாழ்க்கையில் சமன்பாடுகளைப் பயன்படுத்துவோர் முதலில் அறியவேண்டியது இதுவே.

பால் கூட்டுறவுச் சங்கங்களில் பாலுக்கு விலை தருவதில் இரு கூறு முறை என்று ஒன்று உண்டு. அளவை மட்டும் நோக்கி விலை கொடுத்தால் தண்ணீர் கலப்பவருக்கு ஆதாயம். கொழுப்பை மட்டும் நோக்கினால் பசும்பால் தருவோருக்கு நட்டம். பசும்பாலில் கொழுப்பு குறைவாயினும் புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் ஆகிய மற்றத் திடச்சத்துகள் எருமைப்பாலுக்கு ஏறக்குறைய ஈடாக உள்ளன. ஆகவே கொழுப்புக்குக் கிலோ ஒன்றுக்கு ஒரு விலையும், மற்றத் திடச்சத்துக்குக் கிலோ ஒன்றுக்கு ஒரு விலையும் வகுத்து, இரண்டையும் கூட்டித் தருகின்றனர்.

உற்பத்தியாளர் ஒருவருக்கு இவ்விரு விலைகளும் தெரியாது. சீட்டுகள் மட்டும் கையில் உள்ளன எனக் கொள்க. பசும்பால் 10 கிலோ, கொழுப்பு நூற்றுக்கு 4.0, திடச்சத்து 8.5, தொகை 348 ரூபாய் என்பது ஒரு சீட்டு. எருமைப்பால் 10 கிலோ, கொழுப்பு 7.0, திடச்சத்து 9.0, தொகை 468 ரூபாய் என்பது மற்றொன்று. 10 கிலோப் பாலில் நூற்றுக்கு 4 என்றால் கொழுப்பு 0.4 கிலோ. கொழுப்பின் விலை ‘கொ’, திடச்சத்தின் விலை ‘தி’ எனில்,

0.40 கொ + 0.85 தி = 348
0.70 கொ + 0.90 தி = 468

தீர்த்தால் கொழுப்பு கிலோவுக்கு 360 ரூபாய், திடச்சத்து கிலோவுக்கு 240 ரூபாய்.

அவரிடம் எருமை இல்லை. பசும்பால் சீட்டுகள் இரண்டே உள்ளன எனில், முதலில் ஒன்றை நோக்க வேண்டும். காலையில் 10 கிலோ, மாலையில் அதே தரத்தில் 20 கிலோ என்றால் இரண்டாம் சீட்டு முதற்சீட்டின் இரு மடங்கே. புதுச் செய்தி ஏதும் அதில் இல்லை. தாள் இரண்டாயினும் சமன்பாடு ஒன்றுதான். தரம் சிறிது வேறுபட்டால் சமன்பாடு இரண்டாகும். ஆனால் இடர் அங்கேதான் ஒளிந்திருக்கின்றது. மறுநாள் பால் 10 கிலோ. சீட்டில் கொழுப்பு 4.1, திடச்சத்து 8.6, தொகை 355 ரூபாய் 44 பைசா.

0.40 கொ + 0.85 தி = 348
0.41 கொ + 0.86 தி = 355.44

இதனைத் தீர்த்தால் திடச்சத்து கிலோவுக்கு 112 ரூபாய், கொழுப்பு கிலோவுக்கு 632 ரூபாய் என்று வரும்! முன் கண்ட 240க்கும் 360க்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை. சங்கத்தில் விலையை மாற்றிவிட்டனர், அல்லது எழுத்தர் ஏமாற்றுகிறார் என்று எண்ணத் தோன்றும். உண்மையோ மிகச் சிறிது. கருவி காட்டிய கொழுப்பு 4.14, தொகை அதன்படி கணக்கிடப்பட்டது, சீட்டில் ஒரே தசம இடம் அச்சாவதால் 4.1 என்று வந்தது. 4.14 என எழுதியிருந்தால் விடை பழைய 360, 240 என்பதே. தொகையில் இதன் விளைவு ஒரு ரூபாய் 44 பைசா மட்டுமே. அந்த ஒன்றரை ரூபாய் விலைகளை ஏறக்குறைய இரு மடங்காகவும் பாதியாகவும் மாற்றிவிட்டது.

காரணத்தைக் கோடுகளால் விளக்கலாம். வரைபடத்தாளில் ஒவ்வொரு ஒருபடிச் சமன்பாடும் ஒரு நேர்கோடு. இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே விடை. கோடுகள் நன்கு குறுக்கிட்டால், ஒன்று இம்மியளவு நகர்ந்தாலும் வெட்டும் புள்ளி இம்மியளவே நகரும். ஏறக்குறைய ஒரே சாய்வில் செல்லும் இரு கோடுகளுள் ஒன்று இம்மியளவு நகர்ந்தால் வெட்டும் புள்ளி நெடுந்தூரம் ஓடிவிடும். பசும்பால் சீட்டுகள் இரண்டும் அத்தகைய கோடுகள். முதலாவதில் கொழுப்பு திடச்சத்தில் நூற்றுக்கு 47.1 பங்கு, இரண்டாவதில் 47.7 பங்கு. எருமைப்பால் சீட்டிலோ 77.8 பங்கு. நீக்கும் முறையில் இது கழித்தலின்போது தென்படும். 0.40 × 0.86 என்பது 0.3440, 0.41 × 0.85 என்பது 0.3485. இவ்விரண்டின் வேறுபாடாகிய 0.0045 என்னும் சிற்றெண்ணால் வகுக்க வேண்டியிருப்பதால், மேலே உள்ள சிறு பிழை இருநூறு மடங்குக்கு மேல் பெருகுகின்றது. கழிக்கும்போது ஏறக்குறைய யாவும் ஒழிந்துபோய் மிகச் சிறிய எண் எஞ்சினால், அங்கேயே நின்று ஐயுற வேண்டும்.

எருமைப்பால் சீட்டிலும் அதே பிழை நேர்ந்திருந்தால் எப்படி? கருவி காட்டியது 7.04, சீட்டில் 7.0, தொகை 469 ரூபாய் 44 பைசா என்க. பசும்பாலின் முதற்சீட்டோடு சேர்த்துத் தீர்த்தால் ஏறக்குறைய கொழுப்பு 365 ரூபாய் 20 பைசா, திடச்சத்து 237 ரூபாய் 55 பைசா. உண்மை விலையிலிருந்து சிறிதே விலகல்.

ஆகவே சங்கத்தின் கணக்கைச் சோதிக்க விரும்புபவர் அடுத்தடுத்த நாள்களின் ஒரேவகைப் பால் சீட்டுகளைக் கொண்டு முடிவு கட்டலாகாது. தம்மிடம் எருமை இல்லையாயின், அதே நாளில் எருமைப்பால் ஊற்றிய அயலாரின் சீட்டை வாங்கிப் பார்க்கலாம். அதனோடு, சமன்பாடு அமைப்பதில் சேர்க்காத மூன்றாம் சீட்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு, கிடைத்த விலைகளை அதில் இட்டுப் பார்க்க வேண்டும். எருமைப்பால் 8 கிலோ, கொழுப்பு 6.5, திடச்சத்து 9.0, தொகை 360 ரூபாய் என ஒரு சீட்டு உள்ளதாகக் கொள்க. கொழுப்பு 0.52 கிலோ, திடச்சத்து 0.72 கிலோ. 365.20, 237.55 என்னும் விலைகளின்படி தொகை 360 ரூபாய் 94 பைசா ஆகின்றது. ஒரு ரூபாய்க்குள் அடங்கும் இவ்வேறுபாட்டுக்குச் சீட்டில் விடுபட்ட தசம இடமே போதிய காரணம். 632, 112 என்னும் விலைகளின்படியோ தொகை 409 ரூபாய் 28 பைசா. சீட்டிலிருந்து 49 ரூபாய்க்கு மேல் விலகும் அவ்விலைகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தரோடு வழக்காடச் செல்வதற்கு இடமில்லை.